தாயகம் திரும்புகிறோம்; பொருட்களைப் பிரிய மனம் வரவில்லை

கேள்வி: திசைமாறி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு, கணவரும் நானும் ஒன்பது வயது மகளுமாகத் தாயகத்துக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். பயணச்சீட்டு, பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பற்றி இங்கே வேண்டிய அளவு எழுதப்பட்டிருக்கிறது, படித்துப் பயனடைந்தேன். நான் கேட்க வந்தது வேறு. வீட்டிலுள்ள பொருட்களில் எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுவிடுவது என்பதை நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

என் கணவரின் கணக்கு சுருக்கமானது. சான்றிதழ்கள், உடுப்புகள், மடிக்கணினிகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போகலாம். மற்றவற்றைக் கப்பலில் அனுப்ப ஆகும் செலவுக்கு அங்கே புதிதாகவே வாங்கிவிடலாம் என்கிறார். அவர் கணக்கில் பிழை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் ஓர் அலமாரியைக் காலி செய்ய உட்கார்ந்தால், மாலைக்குள் பாதிப் பொருட்கள் எடுத்த இடத்துக்கே திரும்பிவிடுகின்றன.

சில எடுத்துக்காட்டுகளைச் சொன்னால்தான் என் சிக்கல் புரியும். இங்கு வந்த புதிதில், யாரோ பயன்படுத்தி விற்ற ஓர் எழுதுமேசையை வாங்கினோம். அதன் வலப்பக்க இழுப்பறையைச் சற்றுத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். அந்த மேசையில்தான் நான் தேர்வுகளுக்குப் படித்தேன். பிறகு மகள் எழுதப் பழகினாள். அதன் விளிம்பில் அவள் கவராயத்தால் கீறிய கோடுகள் இன்னும் இருக்கின்றன. அவள் படுத்திருந்த தொட்டில், பலகை பலகையாகப் பிரிக்கப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதன் திருகாணிகளை அவளுடைய பழைய காலுறை ஒன்றில் போட்டு முடிந்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் இருந்த முதியவர் வீட்டைக் காலி செய்தபோது எங்களுக்குக் கொடுத்த, மின் இணைப்பில் ஓடும் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று உண்டு. மறைந்த என் தந்தை எழுதிய கடிதங்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. இவற்றோடு, நல்ல நாளில் எடுக்கலாம் என்று வாங்கி இன்றுவரை பிரிக்காத பீங்கான் தட்டுகளும் இருக்கின்றன. ஒருமுறைகூடப் பயன்படுத்தாத அந்தத் தட்டுகளைக் கொடுக்கவும் ஏன் மனம் வரவில்லை என்பது எனக்கே விளங்கவில்லை.

புகைப்படம் எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையில் உதவுகிறதா? விட்டுவிட்டு வந்தவற்றை நினைத்துப் பின்னால் வருந்தியவர்கள், எல்லாவற்றையும் கொண்டுவந்து திண்டாடியவர்கள் என இரு தரப்பினரின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: நிழற்குடை

அன்புள்ள தோழிக்கு, நீங்கள் கடைசியாகச் சொன்ன தட்டுகளிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு.

ஒரு பொருள் நம் கைக்கு வந்துவிட்டது என்ற ஒரே காரணத்தாலேயே அதன் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடுகிறது. உளவியலாளர் டேனியல் கானெமனும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குச் சாதாரணக் குவளைகளைக் கொடுத்து அவற்றை என்ன விலைக்கு விற்பீர்கள் என்றும், குவளை கிடைக்காத மற்றவர்களிடம் என்ன விலை கொடுத்து வாங்குவீர்கள் என்றும் கேட்டார்கள். குவளை கைக்கு வந்து சற்று நேரமே ஆகியிருந்தும், விற்பவர்கள் எதிர்பார்த்த விலை, வாங்குபவர்கள் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சற்று நேரமே கையில் இருந்த குவளைக்கே இந்த நிலை என்றால், ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருந்த தட்டுகளைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. எனவே இத்தகைய பொருட்களுக்கு நான் ஒரே ஒரு கேள்வியைப் பயன்படுத்தினேன்: இது என்னிடம் இல்லாதிருந்தால், இன்று விலை கொடுத்து வாங்கி, கூலியும் கொடுத்துக் கப்பலேற்றுவேனா? இல்லை என்று பதில் வந்தால் பொருள் வெளியே போய்விடும். சோபா, பாத்திரங்கள், விளக்குகள், திரைச்சீலைகள் எல்லாம் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிட்டன.

ஆனால் இதே கேள்வியைத் தந்தையின் கடிதங்களிடம் கேட்டுப் பாருங்கள். கேள்விக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. இந்த வேறுபாட்டை அழகாகக் காட்டும் இன்னோர் ஆய்வு உண்டு. 2008இல் புரூஸ் ஹுட், பால் புளூம் என்ற இரு உளவியலாளர்கள், எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகலெடுத்துத் தரும் இயந்திரம் என்று நம்பவைத்து ஒரு பெட்டியைச் சிறு குழந்தைகள் முன் வைத்தார்கள். சாதாரணப் பொம்மை என்றால், நகலை வாங்கிக்கொள்வதில் குழந்தைகளுக்குத் தயக்கம் இருக்கவில்லை. நாள்தோறும் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை என்றால், பெரும்பாலானோர் அசலையே திருப்பிக் கேட்டார்கள். சிலர் அதை இயந்திரத்துக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. பெரியவர்களான நமக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்று நினைக்கிறேன். அச்சு அசலாக இன்னொன்று கிடைத்தால் போதுமா? போதும் என்றால் அது வெறும் உடைமை, கொடுத்துவிடலாம். போதாது என்றால் உங்கள் தயக்கத்தை அசட்டுத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது, கணவரும்கூட.

இந்த அளவுகோலில் கடிதங்களும் மேசையும் கடிகாரமும் தேறிவிடும். தொட்டிலைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. அது நினைவூட்டும் குழந்தை ஒன்பது வயதாகி உங்கள் வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருக்கிறாள். தொட்டிலோ வேறொரு குழந்தைக்குப் பயன்படக்கூடிய நிலையில் இருக்கிறது. முழுப் பொருளையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நானாக இருந்தால் திருகாணிகளைத் தொட்டிலோடு கொடுத்துவிட்டு, அந்தக் காலுறையை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

மறுமொழி: மறுகரை

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று தோன்றுகிறது. நீங்கள் திரும்புவது உறுதிதானா?

தாயகம் திரும்பும் பலரிடம் நான் கவனித்தது இது: பொருள்மீது பற்று என்று அவர்கள் நினைப்பதில் ஒரு பகுதி, திரும்பிப் போகும் முடிவின்மீதே இன்னும் நீங்காத தயக்கம். ஒருவேளை அங்கே ஒத்துவராமல் மீண்டும் இங்கே வர நேர்ந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் உள்ளே இருப்பதால், தடித்த குளிர்கால உடுப்புகளும் சமையலறைச் சாமான்களும் கைவிட முடியாதவையாகத் தெரிகின்றன. சிலர் ஒரு கிடங்கில் மாத வாடகைக்கு இடம் பிடித்து எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வாடகை, முடிவைத் தள்ளிப்போடுவதற்கான கட்டணம். பெரும்பாலும் பொருட்களின் விலையைக் கடந்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

தயக்கம் இருந்தால் அதில் தவறில்லை. அதைப் பொருட்களின் தலையில் கட்டாமல், கணவரோடு நேரடியாகப் பேசிவிடுவது நல்லது. பேசிய பிறகு பட்டியல் தானாகவே குறையும்.

திசைமாறி

மறுகரை அவர்களுக்கு: கேள்வி சுருக்கென்று தைத்தது, ஆனால் நியாயமானது. திரும்புவது உறுதி. இருந்தாலும், பிரிக்காத தட்டுகளையும் குளிர்கால உடுப்புகளையும் நினைத்துப் பார்த்தால், நீங்கள் சொன்ன எண்ணம் அவற்றில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. அந்த இரண்டையும் இந்த வாரமே கொடுத்துவிடுகிறேன். மேசை, கடிகாரம், கடிதங்கள் ஆகிய மூன்றும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

மறுமொழி: பெட்டிக்கணக்கு

வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்பும் தொழிலில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். மனம் சார்ந்த கேள்விக்குக் கன மீட்டரில் பதில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்; பல வீடுகளில் கணவன் மனைவி வாக்குவாதம் அளவுநாடாவை எடுத்தவுடன் அடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

20 அடி கன்டெய்னரின் உள் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். உங்கள் கணவர் மனத்தில் வைத்துப் பேசுவது அதை நிரப்பும் முழு வீட்டை. நீங்கள் பிரிய முடியாமல் தவிக்கும் பொருட்களோ, ஒரு சாதாரண எழுதுமேசையையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட ஏறத்தாழ ஒரு கன மீட்டருக்குள் அடங்கிவிடும். இருவரும் வெவ்வேறு கணக்கைப் போட்டுக்கொண்டு ஒரே கணக்கைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள். பிறருடைய சாமான்களோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் அனுப்பும் முறை இருக்கிறது. அதில் கன மீட்டருக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். ஒரு கன மீட்டர் ஒரு டன்னைத் தாண்டினால்தான் எடையைப் பார்ப்பார்கள், வீட்டுச் சாமான் அந்த எடையை எட்டுவதில்லை. ஆகவே புத்தகம் போன்ற கனமான, சிறிய பொருட்களுக்குக் கப்பல் உகந்தது. விமானச் சரக்கில் கணக்கு வேறு. நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் கட்டணம் வாங்குவார்கள். அதாவது ஒரு கன மீட்டர் மெத்தையும் தலையணையும் 167 கிலோவாகக் கணக்கில் ஏறும்.

கடிகாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மின் இணைப்பில் ஓடும் பழைய கடிகாரங்களில் பல, மின்சாரத்தின் அதிர்வெண்ணை வைத்தே நேரம் காட்டுபவை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்ட கடிகாரத்தை 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் மாட்டினால், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் பிந்தும். டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தை மாற்றுமே தவிர, அதிர்வெண்ணை மாற்றாது. பின்புறத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரு நாடுகளுக்கும் அதிர்வெண் ஒன்றே என்றால் கவலையில்லை. வேறாக இருந்தால், உள்ளே பேட்டரியில் ஓடும் இயக்கத்தைப் பொருத்திக்கொள்ளலாம். ஓடாவிட்டாலும் சுவரில் இருந்தால் போதும் என்று நினைத்தால் அப்படியே எடுத்துச் செல்லலாம்.

கடிதங்களைக் கப்பலில் அனுப்பவே கூடாது. கன்டெய்னர் வெப்பமான பகுதிகளையும் குளிரான பகுதிகளையும் கடக்கும்போது உள்ளிருக்கும் ஈரம் கூரையில் படிந்து சொட்டும். சிலிக்கா ஜெல் பைகள் ஓரளவுதான் தாங்கும். ஈரத்தைவிடப் பெரிய இடர் காலதாமதம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் தரைதட்டிய எவர் கிவன் கப்பல், ஆறு நாளில் மீட்கப்பட்டாலும், இழப்பீட்டுத் தகராறு முடிந்து ஜூலையில்தான் அங்கிருந்து கிளம்ப முடிந்தது. அத்தனை மாதமும் அதிலிருந்த சரக்கு அதிலேயே கிடந்தது. காப்பீடு இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் சந்தை விலையைத்தான் கணக்கிடும். அதன் பார்வையில் உங்கள் தந்தையின் கடிதங்களுக்குப் பழைய தாளின் விலைதான். மேலும், நீங்களே கட்டிய பெட்டிக்குள் ஏதேனும் உடைந்தால் பெரும்பாலான காப்பீடுகள் இழப்பீடு தருவதில்லை. நிறுவனத்தின் ஆட்கள் கட்டியிருக்க வேண்டும். ஈடு செய்ய முடியாதது எதுவோ, அது உங்கள் கைப்பையில் பயணிக்கட்டும்.

வேறு சில சிறு குறிப்புகள். துளையும் மரத்தூளும் தென்படும் மரச்சாமானைப் பூச்சித் தடுப்புச் சோதனையில் நிறுத்திவைக்கக்கூடும். கட்டுவதற்குப் பயன்படுத்தும் மரச் சட்டங்கள், உள்வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றுவது போன்ற ஏற்கப்பட்ட முறை ஒன்றில் பதப்படுத்தப்பட்டு, அதற்கான கோதுமைக் கதிர் வடிவ முத்திரையோடு இருக்க வேண்டும். தந்தம், ஆமையோடு, பவளம் ஆகியவை பதித்த பழைய பொருட்களுக்கு, 1975 முதல் நடப்பிலுள்ள அரிய உயிரின வணிக உடன்படிக்கையின் கீழ் அனுமதி தேவைப்படலாம். பாட்டி கொடுத்தது என்ற விளக்கம் சுங்கத்தில் எடுபடாது. தாயகம் திரும்புவோரின் பயன்படுத்திய வீட்டுப் பொருட்களுக்குப் பல நாடுகள் வரிச் சலுகை தருகின்றன. ஆனால் வெளிநாட்டில் எவ்வளவு காலம் இருந்திருக்க வேண்டும், சரக்கு எந்தக் கெடுவுக்குள் வந்து சேர வேண்டும் என்பன நாட்டுக்கு நாடு வேறுபடும். பெட்டிகளுக்கு எண்ணிட்டு, உள்ளே இருப்பவற்றைத் தெளிவாக எழுதிய பட்டியல் வைத்திருங்கள். "இதர பொருட்கள்" என்று எழுதிய பெட்டியைத்தான் முதலில் திறப்பார்கள்.

கட்டும் நாளில் ஆட்கள் கண்ணில் படுவதை எல்லாம் கட்டிவிடுவார்கள். அதுதான் அவர்கள் வேலை. நிரம்பிய குப்பைக்கூடை நேர்த்தியாகச் சுற்றப்பட்டுக் கடல் கடந்து போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். கடவுச்சீட்டு, கடிதங்கள், மருந்து, மகளுக்கு வேண்டியவை ஆகியவற்றை ஓர் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கரும்பலகை

நான் பள்ளி ஆசிரியை. வெளிநாட்டிலிருந்து பெற்றோரோடு வந்து, ஆண்டின் நடுவில் வகுப்பில் சேரும் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். இதுவரை எழுதியவர்கள் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நீங்களும் உங்கள் கணவரும் பழகிய இடத்துக்குப் போகிறீர்கள். உங்கள் மகள் எங்கும் திரும்பிப் போகவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். நீங்கள் முதன்முதலில் வெளிநாட்டுக்குப் போனபோது இருந்த நிலையில்தான் இப்போது அவள் இருக்கிறாள். ஒரே ஒரு வேறுபாடு, அந்த முடிவை எடுத்தவள் அவள் இல்லை என்பது. ஆகவே, கப்பலிலும் பெட்டியிலும் இருக்கும் இடத்தைப் பங்கிடும்போது அவளுடைய பொருட்களுக்கு முதலிடம் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பெற்றோரின் நினைவுப் பொருட்கள் பத்திரமாக வந்து சேர்கின்றன. குழந்தையின் கூழாங்கற்களும் உடைந்த பொம்மைகளும் அவள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் குப்பைப்பைக்குள் போய்விடுகின்றன. வந்து சேர்ந்த பிறகு அவள் தேடுவாள், கிடைக்காது. அதன் பிறகு பெற்றோர் எடுக்கும் எந்த முடிவையும் அவள் ஐயத்தோடுதான் பார்ப்பாள்.

அவளிடம் அளவான ஒரு பெட்டியைக் கொடுத்து, இதற்குள் எதை வைத்தாலும் நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம் என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்காமலும் இருங்கள். பெட்டிக்குள் அடங்காதவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதையும் அவளே சொல்லட்டும். தோழிக்குத் தன் கையால் கொடுத்த பொருளை நினைத்து எந்தக் குழந்தையும் ஏங்கியதாக நான் கண்டதில்லை.

அவள் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையோ போர்வையோ இருந்தால், அது அவளோடு விமானத்தில், அவள் மடியில் வர வேண்டும். கிளம்பும் முன் அதைத் துவைக்கவும் வேண்டாம். இத்தகைய பொருட்களைப் பற்றி 1953இல் எழுதிய குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட், துவைப்பது குழந்தையின் அனுபவத் தொடர்ச்சியை அறுத்துவிடும் என்பதால் தாய்மார்கள் அது அழுக்காகவே இருக்க விடுகிறார்கள் என்று குறிப்பிட்டார். நாளடைவில் அந்தப் பொருளைக் குழந்தை மறப்பதும் இல்லை, அதற்காகத் துக்கப்படுவதும் இல்லை, அதற்கு இருந்த அர்த்தம்தான் மெல்ல மறைந்துவிடுகிறது என்பதும் அவர் கருத்து. ஒன்பது வயதில் இதெல்லாம் எதற்கு என்று உறவினர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

நிழற்குடை அவர்கள் தொட்டிலைப் பற்றிச் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் அவளுக்கு அதன்மீது எந்தப் பற்றும் இருக்காது. அது தெரியவந்தால் உங்களுக்கும் எளிதாகிவிடும்.

மறுமொழி: பழுப்புத்தாள்

புகைப்படம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உதவும், ஆனால் எப்படி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து.

உதவும் என்பதற்குச் சான்று: 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் பழைய பொருட்களை நன்கொடையாகத் திரட்டினார்கள். சில விடுதிகளில் வழக்கமான அறிவிப்பையும், வேறு சிலவற்றில் நினைவுப் பொருளைப் படம் எடுத்துக்கொண்டு பிறகு கொடுங்கள் என்ற அறிவிப்பையும் ஒட்டினார்கள். முதல் வகை விடுதிகளில் 533 பொருட்களும், இரண்டாம் வகையில் 613 பொருட்களும் சேர்ந்தன. மக்கள் பயந்தது பொருள் போய்விடுமே என்பதற்காக மட்டும் இல்லை, அதோடு சேர்ந்து தம்மில் ஒரு பகுதி போய்விடுமே என்பதற்காகவும்தான் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

எச்சரிக்கைக்குச் சான்று: 2014இல் லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருட்களைப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஓய்வெடுத்துவிடுகிறது போலும். ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருங்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை.

ஆகவே, முழு வீட்டையும் ஒரே மாலையில் கைப்பேசியில் சுட்டுத் தள்ளி, ஆயிரம் படங்களைச் சேர்த்துவைப்பதால் பயன் இல்லை. அவற்றை யாரும் திரும்பப் பார்க்கப் போவதில்லை. பொருள் இருக்கும் இடத்தோடு, அதைப் பயன்படுத்துபவரோடு சேர்த்து ஒரு படமும், தேய்மானம் தெரியும்படி நெருக்கமாக ஒரு படமும் எடுத்து, அது எப்படி வந்தது, யார் கொடுத்தது என்று நான்கு வரி எழுதிவையுங்கள். நான்கு வரி எழுத வராத பொருளை, தயங்காமல் கொடுத்துவிடலாம்.

கடிதங்களுக்கு இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றை வண்ணத்தில், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில், தாளின் இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். உறையையும் விடாதீர்கள், தேதி எழுதாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் தேதி. இரண்டு தனித்தனி இடங்களில் நகல் வைத்துக்கொண்டு, அசலை ஒருபோதும் எறியாதீர்கள். கையெழுத்தின் அழுத்தம் தாளின் பின்பக்கத்தில் தட்டுப்படும். எந்த ஸ்கேனரும் அதைப் பிடிக்காது.

திசைமாறி

இவ்வளவு நிதானமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. உங்கள் மறுமொழிகளைக் கணவரிடமும் படித்துக் காட்டினேன். ஒரு கன மீட்டர் என்ற கணக்கைக் கேட்டதும் அவர் முகம் மாறியதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தட்டுகளையும் உடுப்புகளையும் கொடுத்தாயிற்று. தொட்டிலைப் பற்றி மகளிடம் கேட்டபோது, "அது என்னுடையதா?" என்று வியப்போடு கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்; அதை விரைவில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கப் போகிறோம். கடிகாரத்தின் பின்புறத் தகட்டைப் பார்த்ததில், அது அங்கே சரியான நேரம் காட்டாது என்று தெரிகிறது. முதியவர் கொடுத்தபோது, ஓட வேண்டும் என்று எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை என்பதால் எடுத்துச் செல்கிறோம். கடிதங்களை ஸ்கேன் செய்யத் தொடங்கிவிட்டேன். மகளுக்கு ஒரு பெட்டியைக் கொடுத்தோம். அதில் முதலில் போனது நான் தூக்கி எறிய நினைத்திருந்த ஒரு உடைந்த குடை. கேள்வி கேட்கவில்லை.

மேசையில்தான் இன்னும் முடிவு எட்டவில்லை. அதை அனுப்புவதென்றால் பிரிக்க வேண்டுமா? பயணத்தைத் தாங்குமா? பெட்டிக்கணக்கு ஐயா நேரம் இருக்கும்போது சொன்னால் உதவியாக இருக்கும்.

பெட்டிக்கணக்கு

அம்மா, முதலில் மேசை எதனால் ஆனது என்று பாருங்கள். அடிப்பக்கத்திலோ, இழுப்பறையின் பின்புறத்திலோ பூச்சு இல்லாத ஓர் ஓரம் தெரியும். அங்கே மரத்தின் ரேகை ஓடினால் அது கெட்டி மரம். மரத்தூளை அழுத்திச் செய்தது போலத் தெரிந்தால் அது பார்ட்டிகிள் போர்டு.

கெட்டி மரம் என்றால் தயங்காமல் அனுப்பலாம். கால்கள் திருகாணியாலோ போல்ட்டாலோ இணைக்கப்பட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அளவு பாதியாகக் குறையும், கட்டணமும் குறையும். பசையால் ஒட்டிய மூட்டுகள் என்றால் பிரிக்க முயலாமல் அப்படியே அனுப்புங்கள். பார்ட்டிகிள் போர்டு என்றால் கதை வேறு. ஒருமுறை திருகாணியைக் கழற்றினால் அந்தத் துளை மறுமுறை பிடிக்காது. கழற்றாமல் அனுப்பினாலும் மூட்டுகள் ஆடி, மூலைகள் ஈரத்தில் ஊதிவிடும். அந்நிலையில் உங்கள் மகள் கீறிய பலகையை மட்டும் எடுத்துச் சென்று, அங்கே ஒரு தச்சரிடம் கொடுத்து அதற்குப் புதிய கால்கள் போட்டுக்கொள்வது மேல். நான் பார்த்தவரை, வீட்டில் யாரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை.

எப்படி அனுப்பினாலும், புதிய வீட்டின் கதவு அகலத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் யாரையேனும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலையை எழுத்தில் வாங்குங்கள். அந்த விலை வீட்டு வாசல் வரைக்குமா, துறைமுகம் வரைக்கும் மட்டுமா என்று தவறாமல் கேளுங்கள். துறைமுகம் வரை என்றால், இறக்குகூலி, சுங்க முகவர் கட்டணம், கிடங்கு வாடகை எல்லாம் தனி. அவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.